முகாம் பிள்ளைக்கு ஒரு மரப்பட்டா

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை என்று ஓர் ஊர். பெயரைச் சொன்னாலே குளிர்ச்சியாக இருக்கிறது. தோப்பும் உண்டு, கொல்லையும் உண்டு. இன்னும் என்ன வேண்டும்?

அந்த ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. திருமயம் பக்கம் லேணாவிளக்கில் இன்னொன்று. அறந்தாங்கி பக்கம் அழியாநிலையில் மற்றொன்று. ஆக, மாவட்டத்தில் மூன்று முகாம்கள்.

மூன்றிலும் பிள்ளைகள் வளருகிறார்கள். பள்ளிக்கூடம் போகிறார்கள். படிக்கிறார்கள். பந்து விளையாடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு வித்தியாசம். "இது எங்கள் வீட்டு மரம்" என்று கைகாட்ட அவர்களுக்கு ஒரு மரம் கிடையாது.

இது ஒரு பெரிய குறையா என்று சிலர் கேட்கலாம். பெரிய குறைதான். எப்படி என்று பார்ப்போம்.

பத்தடிக்குப் பத்தடி

1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகப் பெரும் கலவரம் நடந்தது. வீடுகள் எரிந்தன. கடைகள் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் படகு ஏறினார்கள். இராமேசுவரம் கரையில் வந்து இறங்கினார்கள். அதன் பிறகு 1990-ல் ஒரு கூட்டம் வந்தது. 1995, 1996-ல் ஒரு கூட்டம். 2006-க்குப் பிறகும் வந்தார்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்துகொண்டு, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

"கொஞ்ச நாள்தானே" என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. அதனால் கொஞ்ச நாளுக்கான வீடுகளே கட்டப்பட்டன. பல முகாம்களில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை. வாசலை விட்டு இறங்கினால் எதிர் வீட்டு வாசல்.

கொஞ்ச நாள் நாற்பது வருஷம் ஆகிவிட்டது!

1990-ல் ஐந்து வயதில் தாயின் இடுப்பில் உட்கார்ந்து கடல் கடந்த குழந்தைக்கு இன்று நாற்பது வயது. அந்தக் குழந்தைக்கே இப்போது குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. முகாமில் பிறந்து, முகாமில் நடை பழகி, முகாமில் வளருகிறவர்கள்.

முகாம் கிராமத்தில்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் வாழ்க்கை பட்டணத்துச் சந்தில் வளரும் பிள்ளையின் வாழ்க்கையாக இருக்கிறது. திருச்சியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கொட்டப்பட்டு முகாம் உண்மையிலேயே பட்டணத்து முகாம். தோப்புக்கொல்லை பட்டணம் அல்ல. இருந்தாலும் ஓர் அறை, ஒரு வாசல், ஒரு தெரு என்று ஆகிவிட்டால் கிராமம் என்ன, பட்டணம் என்ன?

2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ந் தேதி தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முகாம் மக்களுக்காக 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டம். அதில் 7,469 புதிய வீடுகள். "அகதிகள் முகாம்" என்ற பெயரும் அதே மாதத்தில் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாறியது. நல்ல காரியம். பல முகாம்களில் வீடுகள் எழும்பிவிட்டன. கல்லும் சிமெண்டும் வந்துவிட்டன. இனி மண்ணைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேசலாம்.

"அங்கே போகாதே!"

முகாம் வீடு ஒன்றை மனத்தில் நினைத்துப் பாருங்கள். அம்மம்மா திண்ணையில் இருக்கிறார். (தாயைப் பெற்றவளை அவர்கள் அம்மம்மா என்பார்கள், தகப்பனைப் பெற்றவளை அப்பம்மா என்பார்கள்.) பேரன் பந்தைத் துரத்திக்கொண்டு புதருக்குள் ஓடுகிறான்.

"அங்காலை போகாதே! திரும்பி வா!" என்று அம்மம்மா பதறுகிறார்.

பேரனுக்குப் புரியவில்லை. புதரில் என்ன இருக்கிறது? மிஞ்சினால் ஓர் ஓணான் இருக்கும்.

அம்மம்மாவுக்கு வேறு நினைப்பு. வன்னியில் பாதையை விட்டு ஓரடி தள்ளி வைத்தால் கால் போய்விடும். மண்ணுக்குள் மிதிவெடி. சண்டை 2009-ல் முடிந்தது. மிதிவெடி எடுக்கிற வேலை அதற்குப் பிறகும் வருஷக் கணக்கில் நடந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த தாய்க்குப் புதரும் பகை. வெட்ட வெளியும் பகை. வானத்தில் சத்தம் கேட்டால் குனிந்து பழகிய உடம்பு அது. நாற்பது வருஷம் போனாலும் அந்தப் பதற்றம் போவதில்லை.

இந்தப் பக்கம் முகாமுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பதிவு உண்டு, வருகைக் கணக்கு உண்டு, வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பெரியவர்களுக்குப் போட்ட கட்டுப்பாடு பிள்ளைகளின் காலிலும் விழுகிறது. "எதற்கு வம்பு? வாசலிலேயே விளையாடு" என்று தாயார் சொல்லிவிடுகிறார்.

அங்கே வெடிக்குப் பயம். இங்கே விசாரணைக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே பிள்ளை நிற்கிறான். அவனுக்குக் கண்மாய் தெரியாது. காடு தெரியாது. கையில் இருக்கும் செல்போன் தெரியும்.

இதற்கு அந்தத் தாயைக் குறை சொல்ல முடியுமா? முடியாது.

ஒரே பழம், இரண்டு பெயர்

இன்னொரு சங்கடமும் உண்டு. அது மொழிச் சங்கடம்.

நாம் கடலை என்கிறோம். அம்மம்மா கச்சான் என்கிறார். நாம் பப்பாளி என்கிறோம். அவர் பப்பாசி என்கிறார். நமக்கு வெள்ளரி; அவருக்குக் கெக்கரி. நமக்குச் சீத்தாப்பழம், அவருக்கு அன்னமுன்னா.

இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை "கச்சான்" என்று சொன்னால் பக்கத்துப் பையன் சிரிக்கிறான். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை கடலை என்றுதான் சொல்லும். வீட்டுப் பெயரை வாயிலிருந்து எடுத்துவிடும். பெயர் போனால் பெயரோடு ஒட்டிய கதையும் போய்விடும். அம்மம்மாவின் முற்றம், கிணறு, துலா, பூவரசம் வேலி, பனங்கிழங்கு, புழுக்கொடியல் எல்லாமே போய்விடும்.

ஆலங்குடி வட்டாரத்தில் கடலைக்குப் பஞ்சம் உண்டா? கடலை பிடுங்கும் காலத்தில் கொல்லைக்குக் கொல்லை கடலைதான். வாத்தியார் ஒருவர் அந்தக் காலத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வகுப்புக்குக் கொண்டு வரட்டும். "இதற்கு எத்தனை பெயர் தெரியும்?" என்று கேட்கட்டும். நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை, கச்சான். நாலு பெயர் சொன்ன பிள்ளைக்கு ஒரு பிடி கடலை! அன்றைக்கு முகாம் பிள்ளை தலை நிமிர்ந்து உட்காரும். சிரித்த பையனுக்கும் ஒரு புதுச் சொல் கிடைக்கும்.

வன்னிக் காடு இங்கேயும் இருக்கிறது

வன்னிப் பக்கம் வாழ்ந்த யாரையாவது கேளுங்கள். "பாலைப்பழம் தின்றிருக்கிறீர்களா?" என்று கேட்டால் போதும். முகம் மலர்ந்துவிடும்.

பாலை ஒரு காட்டு மரம். பெரிதாக வளரும். கட்டை இரும்பு மாதிரி இருக்கும். வைகாசி, ஆனியில் பழுக்கும். பழம் வேப்பம்பழம் போல் சிறியது, மஞ்சள் நிறம், தேன் போல் இனிக்கும். பாலும் உண்டு. நாலைந்து பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. வன்னிக் காடுகளில் கரடியும் குரங்கும் பறவையும் பாலைப்பழத்துக்குப் போட்டி போடும். மனிதர்களும் பறித்து வந்து தின்பார்கள், சந்தையில் விற்பார்கள்.

வீரை என்று இன்னொரு மரம். பழம் சிவப்பாக இருக்கும். முதிரை என்று இன்னொன்று. உறுதியான மரம், வீட்டுக்கும் வண்டிக்கும் ஆகும்.

இப்போது ஒரு செய்தி. இந்த மரங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் இருக்கின்றன என்று நினைத்தால் தவறு. சோழமண்டலக் கரையை ஒட்டிய வறண்ட காடும், இலங்கையின் வடக்குக் காடும் ஒரே வகைக் காடு. கோடையிலும் இலை உதிராமல் பச்சையாக நிற்கும் குட்டைக் காடு. அந்தக் காடு நம் பக்கத்தில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. உழவுக்கு வெட்டினார்கள், விறகுக்கு வெட்டினார்கள். மிச்சம் இருப்பது எங்கே தெரியுமா? அய்யனார் கோயில்களில்!

புதுக்கோட்டைச் சீமையில் கோயில் காடுகள் பல உண்டு. வாசலில் மண் குதிரை நிற்கும். உள்ளே அரிவாள் எடுத்துப் போகக்கூடாது. சுள்ளி ஒடித்தாலும் சாமி குற்றம். அந்தப் பயம்தான் காட்டைக் காப்பாற்றியது. எத்தனை சட்டம் போட்டாலும் இப்படிக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது சந்தேகம்! அந்தக் காடுகளில் வீரை இருக்கிறது. பாலை இருக்கிறது. வன்னியில் முதிரை என்பதை இங்கே பொரசு என்கிறார்கள். அறந்தாங்கிப் பக்கத்து மரமடக்கி முதலிய ஊர்களின் காடுகளைத் தாவரவியல் ஆராய்ச்சிக்காரர்கள் மரம் மரமாக எண்ணிக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

அழியாநிலை முகாம் அறந்தாங்கிக்கு அருகில் இருக்கிறது. கோயில் காடுகளும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அம்மம்மா ஏங்குகிற மரம் பக்கத்து ஊரில் நிற்கிறது. அது அம்மம்மாவுக்கும் தெரியாது; பேரனுக்கும் தெரியாது!

முகாம் பிள்ளைகளுக்கு இயற்கை அறிவு ஊட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் வண்ணப் படம் காட்ட வேண்டியதில்லை. ஒரு வேன் பிடித்தால் போதும். நாலு அம்மம்மாக்களை முன் இருக்கையில் உட்கார வைக்க வேண்டும். பின்னால் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். முகாம் பிள்ளைகள் மட்டும் போகக்கூடாது. அதே வகுப்பில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகளும் போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டுக்குள் நுழைந்ததும் அம்மம்மா ஒரு மரத்தைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் பாடம் அவர் நடத்துவார். வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

புதருக்குப் பயந்த தாய்க்கும் அது மருந்து. மிதிவெடி இல்லாத காட்டில் ஒரு தரம் நடந்து பார்த்தால்தான் பயம் தெளியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதுக்கோட்டையில் "காடு" என்று சொன்னால் பல பிள்ளைகளுக்குத் தைலமரக் காடுதான் நினைவுக்கு வரும். சாலை ஓரத்தில் மைல் கணக்கில் வரிசை வரிசையாக நிற்கிறது. காகிதத்துக்காக வளர்க்கும் மரம். அதில் தின்னப் பழம் இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்று விவசாயிகள் பல வருஷமாக முறையிடுகிறார்கள். அதைக் காட்டி, "இதுதான் காடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது.

ஜெர்மனியில் கேட்ட கேள்வி

சண்டையில் வீடு இழந்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மண் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம்.

ஐரோப்பாவில் பொஸ்னியா என்று ஒரு நாடு. 1992 முதல் 1995 வரை அங்கே கொடிய சண்டை. பலர் ஜெர்மனிக்கு ஓடினார்கள். கெட்டிங்கன் என்ற நகரில் பொஸ்னியப் பெண்கள் சிலர் ஒரு மையத்தில் கூடுவது வழக்கம். தேநீர் உண்டு, தையல் உண்டு. "இங்கே வந்த பிறகு உங்களுக்கு எது இல்லாதது பெரிய குறையாக இருக்கிறது?" என்று அவர்களைக் கேட்டார்கள்.

"பணம்" என்று அவர்கள் சொல்லவில்லை. "எங்கள் தோட்டம்" என்று சொன்னார்கள்.

1996-ல் அந்த நகரில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் ஏற்பாடு ஆயிற்று. பல நாட்டு அகதிகளும் ஜெர்மானியரும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பயிர் செய்தார்கள். விதை மாற்றிக்கொண்டார்கள். மொழி தெரியாதவர்கள் தக்காளியைக் காட்டிப் பேசினார்கள். பிள்ளைகள் பாத்திகளுக்கு நடுவே ஓடினார்கள். அதைப் பார்த்து ஜெர்மனியில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தோன்றின.

வங்காளதேசத்தில் நடந்தது வேறு விதம். 2017-ல் மியான்மரிலிருந்து ஏழு லட்சம் பேருக்கு மேல் ரோஹிங்கியா மக்கள் ஓடி வந்தார்கள். குடிசை போட மலைக்காடு வெட்டப்பட்டது. அது யானைகள் நடக்கும் வழி. யானைகள் குடிசைக்குள் வந்தன. உயிர்கள் போயின. பிறகு அகதிகளிலேயே காவல் படை அமைத்து, யானையை விரட்டாமல் திருப்பி அனுப்பப் பழக்கினார்கள். மூங்கிலாலும் பழைய துணியாலும் முழு அளவு யானை செய்து பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். வெட்டிய மலையில் மறுபடியும் மரம் நட்டார்கள். யானைக்குப் பயந்த பிள்ளைகள் யானையைத் தெரிந்துகொண்டார்கள்.

தோப்புக்கொல்லையில் யானை வராது. அந்த மட்டில் நமக்கு வேலை சுலபம்!

சோறு முதலா, மரம் முதலா?

"குடியுரிமை இல்லை. நல்ல வேலை இல்லை. படித்த பிள்ளைக்கும் அகதி என்ற முத்திரை. இதையெல்லாம் விட்டுவிட்டு மரமும் குருவியும் பேசுகிறீர்களே!" என்று முகாம்காரர் ஒருவர் கோபமாகக் கேட்டால் அது நியாயமான கோபம்.

2019-ல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் பெயர் மட்டும் வந்தது. இலங்கையின் பெயர் வரவில்லை. முகாமில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் வாரிசுகள். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் போனார்கள். பூட்டன் புதுக்கோட்டைக்காரர், பேரனின் பேரன் புதுக்கோட்டையில் அகதி. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியது டில்லி. அவிழ்க்கத்தான் வேண்டும். மரம் நட்டுவிட்டு அதை மறந்துவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

ஆனால் சட்டம் மெதுவாக நடக்கிறது. பிள்ளைப் பருவம் ஓடுகிறது. அது மொத்தம் பன்னிரண்டு வருஷம். கோப்பு டில்லிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும்.

"அவர்கள் என்றைக்காவது திரும்பிப் போகிறவர்கள்தானே?" என்று கேட்பவர்களும் உண்டு. போகட்டும். சண்டை முடிந்த பிறகு சிலர் போயும் இருக்கிறார்கள். வன்னிக்குத் திரும்பிப் போகும் பிள்ளைக்குப் பாலை மரத்தை அடையாளம் தெரிய வேண்டாமா? இங்கேயே இருக்கப் போகும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

பனை யாருக்கு?

முகாமில் வைக்க ஏற்ற மரம் பனை. இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. யாழ்ப்பாணத்துக்கும் பனை, புதுக்கோட்டைக்கும் பனை. தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுதான்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னை சாய்ந்தது; பலா சாய்ந்தது; மா சாய்ந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்களைக் கட்டிப்பிடித்து அழுத விவசாயிகளை மாவட்டம் மறக்காது. அந்தப் புயலிலும் பனை பெரும்பாலும் நின்றது. ஒரே இரவில் தோப்பு இழந்தவனுக்கு, ஒரே இரவில் ஊர் இழந்தவன் துக்கம் புரியும். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2021-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனைக்கென்று ஒரு திட்டம் வந்தது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் ஆயிற்று. பனை விதை ஊன்றும் இளைஞர் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. விதைக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது.

பனை மெதுவாக வளரும் மரம். விதை ஊன்றினால் முதலில் கீழே போகும். பல மாதம் மேலே ஒன்றும் தெரியாது. காய்க்கப் பத்து, பதினைந்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். "நாளைக்கு இங்கே இருப்போமோ மாட்டோமோ" என்று இருப்பவன் பனை வைப்பானா? கீரை விதைப்பான். இருபது நாளில் பறித்துவிடலாம். அவரை போடுவான். மூன்று மாதத்தில் தின்றுவிடலாம். பதினைந்து வருஷத்து மரத்தை நட, பதினைந்து வருஷத்தில் நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு காகிதம் இருக்கிறது.

கிராமத்துக் கணக்கில் "2-சி பட்டா" என்று ஒன்று உண்டு. மரப்பட்டா என்றும் சொல்வார்கள். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் சொல்வார். புறம்போக்கு நிலத்தில் ஒருவர் மரம் வளர்க்கிறார். நிலம் அரசாங்கத்துடையது. அதில் மாற்றமில்லை. ஆனால் மரத்தின் பலன் வளர்த்தவருக்கு. சிறிய வரி கட்டிவிட்டு நுங்கோ, புளியோ, மாங்காயோ அவர் அனுபவிக்கலாம்.

மண் சொந்தமில்லாதவனுக்கும் மரத்தின் பலன் உண்டு என்று சொல்லும் ஏற்பாடு இது. முகாம் மக்களுக்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது!

முகாமில் ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பில் சேரும்போது ஒரு பனை விதையை ஊன்றட்டும். கண்மாய்க் கரையில் ஊன்றட்டும். முகாம் எல்லையில் ஊன்றட்டும். தாசில்தார் அலுவலகம் அந்தப் பிள்ளையின் தாய் பெயரில் மரப்பட்டா கொடுக்கட்டும். சட்டத்தில் இடைஞ்சல் இருந்தால் ஓர் அரசாணை போட்டுச் சரி செய்யட்டும். 317 கோடி ரூபாய்க்கு வீடு கட்ட முடிவு செய்த அரசுக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது பெரிய செலவல்ல.

குடும்பம் ஒரு நாள் வேறு ஊருக்குப் போய்விட்டால்? நுங்கு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகட்டும். மரம் கோபித்துக்கொள்ளாது.

வேறு சில சின்னக் காரியங்களும் உண்டு. புதிய வீடு கட்டும்போது ஏற்கெனவே நிற்கும் வேம்பையும் பூவரசையும் வெட்டாமல் கட்ட வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு வெட்டவெளி வசதி. பிள்ளைக்கு நிழல் வசதி. வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையம் ஆலங்குடி வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே உருவான வம்பன் உளுந்து தமிழ்நாடு முழுக்க விளைகிறது. முகாம் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே அழைத்துப் போகலாம். திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910-ல் தொடங்கியது. பறவைகளும் விலங்குகளும் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதையும் பார்க்கலாம். ஆனால் செத்த பறவையை நூறு தரம் பார்ப்பதைவிட, கண்மாயில் மீன் பிடிக்கும் நீர்க்காகத்தை ஒரு தரம் பார்ப்பது மேல்.

மாவட்டத்தின் கிழக்கே கடல் இருக்கிறது. மணமேல்குடி, அம்மாபட்டினம் கடலுக்குள் ஆவுளியா என்ற கடற்பசு இருக்கிறது. கடற்புல் மேயும் சாதுவான பிராணி. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டரை அதற்காகக் காப்பகமாக அறிவித்தது. அது மேயும் கடல்தான் அம்மம்மா இருட்டில் கடந்து வந்த கடல். அம்மம்மாவுக்கு அந்தக் கடல் என்றால் படகு, அலை, அழுகை. பேரனுக்காவது அந்தக் கடல் என்றால் ஆவுளியா என்று இருக்கட்டும்.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். ஐப்பசி மழைக்கு முன் விதையை ஊன்றிவிட வேண்டும். புதுக்கோட்டைக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குகிறார்கள். மரப்பட்டா கேட்டு முகாம் தாய்மார்கள் வரிசையில் நிற்கும்போது, பக்கத்து ஊர்த் தாய்மார்கள் நாலு பேரும் கூட நின்றால் மனு கொஞ்சம் வேகமாக நகரும்.